"புஷ்" என்றால் இழு!
கோவாவும் நெய்வேலியும் ஆங்கிலம் கற்ற கதை

1961-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நெய்வேலியில் மண்ணைத் தோண்டிக்கொண்டே போன ராட்சத எந்திரங்களுக்குப் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. ஊரே மகிழ்ந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி. கோவாவில் போர்ச்சுகீசியக் கொடி இறங்கியது. 1510-ம் ஆண்டு தொடங்கிய ஆட்சி, 451 ஆண்டுகளுக்குப் பிறகு முடிந்தது.

நிலக்கரிக்கும் கோவாவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அது ஆங்கிலம்!

நெய்வேலியில் ஏர் பிடித்த கை எந்திரத்தைப் பிடித்தது. எந்திரத்தோடு ஆங்கில வார்த்தைகளும் வந்தன. கோவாவில் போர்ச்சுகீசிய பாஷையில் கோப்பு எழுதிய குமாஸ்தா, ஆங்கிலத்தில் கோப்பு எழுத வேண்டியதாயிற்று. இருவருக்கும் அது பிழைப்புப் பிரச்சினை. ஆனால் இருவருக்கும் கஷ்டம் ஒன்றல்ல. ஒருவருக்குச் சுலபமானது மற்றவருக்கு மலையாக இருந்தது. ஏன் அப்படி?

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும்போது எங்கே இடறுகிறார்கள் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

கிணற்றில் கண்ட கறுப்பு

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். பிறகு ஆராய்ச்சிகள் நடந்தன. 1956-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு செய்யப்பட்டது. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

மேற்கு ஜெர்மனியில் இருந்து எந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழலச் சுழல, வாளிகள் மண்ணை வாரி எடுத்துப் போடும். மண் ஓடும் பட்டையில் விழுந்து வெகு தூரம் போகும். அனல் மின்சார நிலையத்தை ரஷியாவின் உதவியோடு கட்டினார்கள். 1962-ம் ஆண்டு அங்கே மின்சாரம் பிறந்தது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த நிலையம் 2020-ம் ஆண்டு ஓய்வு பெற்றது.

ஜெர்மானியனுக்கு ஜெர்மன். ரஷியனுக்கு ரஷிய பாஷை. உழவனுக்குத் தமிழ். நடுவில் பாலமாக நின்றது ஆங்கிலம்.

ஷிப்டு, ஓவர் டைம், பெல்ட்டு, பம்பு, பாய்லர், டர்பைன், குவார்ட்டர்ஸ், பிளாக், கேன்டீன், போனஸ் என்று வார்த்தைகள் வீட்டுக்குள் நுழைந்தன. ஊர்ப் பெயருக்குப் பதில் பிளாக் எண் முகவரியாயிற்று. "நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து தூங்குறாரு, சத்தம் போடாதே" என்று தாய் பிள்ளையை அதட்டினாள். பள்ளிக்கூடத்துப் படியை மிதிக்காத பாட்டிகூட "ஷிப்டு" என்ற வார்த்தையைச் சரியாகச் சொன்னாள்.

ஆனால், வார்த்தை தெரிவது வேறு. வாக்கியம் தெரிவது வேறு. நூறு ஆங்கில வார்த்தை தெரிந்தவரும், ஆங்கிலத்தில் ஒரு லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு இருப்பார்!

கோவாவில் என்ன நடந்தது?

கோவாவில் பெரும்பாலான மக்கள் வீட்டில் பேசியது கொங்கணி. ஆனால் அரசாங்கம், கோர்ட்டு, உயர்ந்த படிப்பு எல்லாம் போர்ச்சுகீசிய பாஷையில் நடந்தன. படித்த சில குடும்பங்களில் வீட்டுப் பேச்சும் அதுதான். பம்பாய்க்கு வேலைக்குப் போக நினைத்தவர்கள் மட்டும் முன்கூட்டியே ஆங்கிலம் படித்தார்கள்.

1961-க்குப் பிறகு காற்று திசை மாறியது. அலுவலகங்களுக்கு ஆங்கிலம் வந்தது. போர்ச்சுகீசிய பாஷையில் படிப்பை முடித்து, அந்தச் சான்றிதழை நம்பி இருந்த இளைஞன் திகைத்தான். பஞ்சிம் நகரில் 1842-ம் ஆண்டு தொடங்கிய வைத்தியப் பள்ளி புகழ் பெற்றது. அங்கே போர்ச்சுகீசிய பாஷையில்தான் பாடம். 1963-ல் அது கோவா மருத்துவக் கல்லூரி ஆயிற்று. பாடம் ஆங்கிலத்துக்கு மாறியது.

"ஓ எரால்டோ" என்று ஒரு நாளிதழ் கோவாவில் உண்டு. 1900-ம் ஆண்டு போர்ச்சுகீசிய பாஷையில் பிறந்தது. ஆட்சி போன பிறகும் 22 ஆண்டுகள் விடாப்பிடியாக அந்த பாஷையிலேயே வெளிவந்தது. 1983-ல் ஆங்கிலத்துக்கு மாறியது. ஒரு தலைமுறை படிக்கிற பாஷை மாற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இந்த ஒரு பத்திரிகையே சாட்சி.

மேலதிகாரி ஆங்கிலத்தில் கேள்வி எழுதி அனுப்புகிறார். பதில் எழுத வேண்டும். வயது 40. தலையில் நரை. பக்கத்து மேஜையில் ஆங்கிலம் படித்த 22 வயதுப் பையன். அந்தக் குமாஸ்தாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! கௌரவம் ஒரு பக்கம். குடும்பம் ஒரு பக்கம்.

சும்மா கிடைத்த வார்த்தைகள்

கோவாக் குமாஸ்தாவுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருந்தது. ஆங்கில அகராதியைப் புரட்டினால், பாதி இடத்தில் சொந்தக்காரர்களைப் பார்த்தது போல இருக்கும்!

காரணம் இதுதான். போர்ச்சுகீசிய பாஷை, லத்தீன் பாஷையின் மகள். ஆங்கிலம் அந்த வீட்டுப் பெண் அல்ல. ஜெர்மன் பாஷைக்குத்தான் நெருங்கிய உறவு. ஆனால் 1066-ம் ஆண்டு பிரான்சின் நார்மண்டியில் இருந்து ஒரு பிரபு படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அவர் பெயர் வில்லியம். அவரோடு பிரெஞ்சு வந்தது. பிரெஞ்சும் லத்தீனின் மகள்தான். அதன் பிறகு லத்தீன் வார்த்தைகள் ஆங்கிலத்தில் மூட்டை மூட்டையாக இறங்கின.

எனவே போர்ச்சுகீசியருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அவர்கள் பாஷையில் பல வார்த்தைகள் "சாவ்" என்று, கொஞ்சம் மூக்கால் ஒலித்து முடியும். அந்த வாலை வெட்டி "ஷன்" என்று ஒட்டினால் போதும். ஆங்கிலம் ரெடி! "நசாவ்" நேஷன் ஆகும். "எஸ்தசாவ்" ஸ்டேஷன் ஆகும். "டாடே" என்று முடிகிற வார்த்தைக்கு "டி" போட வேண்டும். "சிடாடே" சிட்டி ஆகும். "யுனிவெர்சிடாடே" யுனிவர்சிட்டி ஆகும்.

ஆயிரக்கணக்கான வார்த்தைகள் இப்படிச் சும்மா கிடைக்கும்.

தமிழருக்கு இந்தச் சலுகை இல்லை. "நாடு" என்ற வார்த்தையை எந்தப் பக்கம் வெட்டி ஒட்டினாலும் "நேஷன்" வராது. ஒவ்வொரு வார்த்தையையும் உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும்.

நெய்வேலியின் உயிரான "லிக்னைட்" என்ற வார்த்தையையே பாருங்கள். லத்தீனில் "லிக்னும்" என்றால் மரம். போர்ச்சுகீசிய பாஷையில் விறகுக்கு "லேஞா" என்று பெயர். அதுவும் அந்த வேரில் இருந்து வந்ததுதான். அதனால் கோவாக்காரர் லிக்னைட்டுக்குள் விறகு ஒளிந்திருப்பதை எளிதில் கண்டுகொள்வார். உண்மையும் அதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரம்தான் இந்தக் கரி. "பழுப்பு நிலக்கரி" என்ற தமிழ்ப் பெயர் கரியின் நிறத்தைச் சொல்கிறது. "லிக்னைட்" அதன் பிறப்பைச் சொல்கிறது. இரண்டு பெயரும் தெரிந்த பிள்ளை இரண்டு பாடம் படித்த பிள்ளை.

வார்த்தையில் கண்ணி

சும்மா கிடைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு.

கடைக் கதவில் ஆங்கிலத்தில் "புஷ்" என்று எழுதியிருந்தால் தள்ள வேண்டும். போர்ச்சுகல் நாட்டுக் கதவிலும் ஏறக்குறைய அதே ஓசையில் ஒரு வார்த்தை எழுதியிருக்கும். அதற்கு அர்த்தம், "இழு"!

எனவே புதிதாக ஆங்கிலம் படிக்கும் போர்ச்சுகீசியர், தள்ள வேண்டிய கதவை இழுத்துக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. அவருக்கு வெட்கம்.

"பரென்ட்டஸ்" என்றால் போர்ச்சுகீசிய பாஷையில் உறவினர்கள். ஆங்கிலத்தில் "பேரன்ட்ஸ்" என்றால் தாய் தந்தை. "எனக்கு 30 பேரன்ட்ஸ்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் மயங்கி விழ வேண்டியதுதான்! "லிவ்ராரியா" என்றால் புத்தகக் கடை. ஆங்கில "லைப்ரரி"யில் புத்தகம் விற்கமாட்டார்கள்.

நெய்வேலிக்குப் பொருத்தமான ஒன்றும் இருக்கிறது. "பொம்பா" என்ற போர்ச்சுகீசிய வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, வெடிகுண்டு. இன்னொன்று, தண்ணீர் இறைக்கும் பம்பு! நெய்வேலியில் கரிக்குக் கீழே பூமிக்குள் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். அங்கே ஒரு போர்ச்சுகீசியர் வந்து, "கீழே எத்தனை பாம் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் என்ன ஆகும்?

தமிழருக்கு இப்படிப்பட்ட கண்ணி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். நாம் ஆங்கில வார்த்தையை வாங்கி வந்து, அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம். இங்கே "ஹோட்டல்" என்றால் இட்லி சாப்பிடுகிற இடம். ஆங்கிலேயர் ஊரில் அது தங்குகிற இடம். காய்கறி வாங்கப் போனால் "ஒரு கவர் கொடுங்க" என்கிறோம். ஆங்கிலத்தில் அது பை அல்ல. மூடி, அல்லது கடித உறை. ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் நெய்வேலியிலும் "கரண்ட் போச்சு" என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலேயர் "பவர்" போயிற்று என்பார்.

மேஜை ஆணா, பெண்ணா?

இனி இலக்கணம். இங்கே தமிழருக்கு நல்ல காலம்!

போர்ச்சுகீசிய பாஷையில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. மேஜை பெண். ஜன்னல் பெண். சாவி பெண். கார் ஆண். சின்ன வயதில் இருந்து இப்படிப் பேசிப் பழகியவர், ஆங்கிலத்தில் மேஜையை "ஷி" என்று சொல்லித் தடுமாறுவார்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை. உயர்திணை, அஃறிணை என்று நம் இலக்கணம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. அவன், அவள், அது. ஆங்கிலத்தில் ஹீ, ஷி, இட். அச்சு அசலாகப் பொருந்துகிறது. "அவர்" என்ற மரியாதைதான் ஆங்கிலத்தில் இல்லை. தாத்தாவையும் "ஹீ", தபால்காரரையும் "ஹீ" என்று சொல்ல நம் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

"அவனுடைய வீடு", "அவளுடைய வீடு" என்பதிலும் நமக்குக் குழப்பம் கிடையாது. போர்ச்சுகீசிய பாஷையில் அப்படி அல்ல. அந்த வார்த்தை, வீட்டுக்காரர் ஆணா பெண்ணா என்று பார்க்காது. வீடு ஆணா பெண்ணா என்று பார்க்கும்! அதனால் "ஹிஸ்" எது, "ஹெர்" எது என்று அவர்கள் வெகு நாள் திண்டாடுவார்கள்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறோம். ஒரே ஒரு "இல்லை". ஆங்கிலத்திலும் ஒன்றுதான். போர்ச்சுகீசியர் இரண்டு "இல்லை" போடுவார்கள். "எனக்கு ஒன்றுமில்லாதது தெரியாது" என்பது போல. ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் வாத்தியார் சிவப்பு மையை எடுப்பார்.

வயதைச் சொல்வதில் இருவருமே மாட்டிக்கொள்வார்கள். "எனக்கு 20 வயது" என்பது தமிழ். "என்னிடம் 20 ஆண்டுகள் இருக்கின்றன" என்பது போர்ச்சுகீசியம். ஆங்கிலேயர் மட்டும் "நான் 20" என்கிறார். மனிதனே வயதாகிவிடுகிறான்!

இன்னொரு பொதுக் கஷ்டம், இன், ஆன், அட் என்ற மூன்று குட்டி வார்த்தைகள். நெய்வேலியில், மேஜையில், வீட்டில். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே "இல்". போர்ச்சுகீசிய பாஷையிலும் இந்த மூன்றுக்கும் ஒரே வார்த்தை போதும். ஆங்கிலத்தில் ஊருக்கு இன், மேஜைக்கு ஆன், வீட்டுக்கு அட். கோவாக் குமாஸ்தாவும் நெய்வேலித் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட வேண்டிய இடம் இது.

"இஸ்கூல்" தோழர்கள்

உச்சரிப்பில் ஒரு வேடிக்கை. "ஸ்கூல்" என்ற வார்த்தையைக் கிராமத்துப் பெரியவர் "இஸ்கூல்" என்பார். படித்த பேரன் சிரிப்பான். பேரன் சிரிக்க வேண்டாம். போர்ச்சுகீசிய பாஷையில் பள்ளிக்கூடத்துக்குப் பெயரே "எஸ்கோலா". பிரேசில் நாட்டார் ஆங்கிலம் பேசும்போது ஸ்டாப்பை "இஸ்டாப்" என்பார்கள். இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து ஒரு வார்த்தை தொடங்குவது தமிழ் மரபில் இல்லை. "ஸ்" என்று தொடங்கி உடனே இன்னொரு மெய் வந்தால் அவர்களுக்கும் நாக்கு முரண்டு பிடிக்கும். அதனால் இருவரும் முன்னால் ஓர் உயிரெழுத்தைப் படியாகப் போட்டு ஏறுகிறார்கள்.

வார்த்தையின் முடிவிலும் அப்படித்தான். நாம் "பஸ்ஸு", "பெல்ட்டு" என்று "உ" சேர்ப்போம். பிரேசில்காரர் "இ" சேர்ப்பார். பிக்னிக் அவர் வாயில் "பிக்னிக்கி" ஆகும்.

ஆனால் "தேங்க்ஸ்" என்று சொல்ல நமக்கு "த" இருக்கிறது. போர்ச்சுகீசியருக்கு அந்த ஓசை வருவது கஷ்டம். அவர்களுக்கு "ஃபேன்" சுலபம். நமக்கு அது "பேன்" ஆகிவிடுகிறது. தலைக்கு மேலே சுற்ற வேண்டியது தலையிலேயே ஏறிவிடுகிறது!

ஆங்கிலம் தெரியாதவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம்

போர்ச்சுகீசியருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க 1855-ம் ஆண்டு பாரீஸ் நகரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. ஜோசே ட பொன்சேகா, பெத்ரு கரோலினு என்ற இரண்டு பெயர்கள் அதில் இருந்தன. உண்மையில் எழுதியவர் கரோலினுதான் என்றும், பொன்சேகாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டார் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

கரோலினுவுக்கு ஆங்கிலம் தெரியாது!

பிறகு எப்படி எழுதினார்? பொன்சேகா எழுதிய போர்ச்சுகீசிய-பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பிரெஞ்சு-ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு வாக்கியங்களை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிக்கொண்டே போனார் என்று சொல்கிறார்கள். விளைவு? வாசலில் வெகு நேரம் காத்துக் கிடப்பதைச் சொல்லும் ஒரு பிரெஞ்சு மரபுத்தொடர், குரங்கைக் கடிக்கிற விவகாரமாக மாறிவிட்டது!

புத்தகம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1883-ல் வந்த அமெரிக்கப் பதிப்புக்குப் புகழ் பெற்ற நகைச்சுவை எழுத்தாளர் மார்க் டுவைன் முன்னுரை எழுதினார். பாடப் புத்தகமாகப் பிறந்தது சிரிப்புப் புத்தகமாக அமரத்துவம் அடைந்தது. அதை நம்பிக் காசு கொடுத்து வாங்கி, நெட்டுருப் போட்ட அப்பாவியின் கதி என்ன ஆயிற்றோ!

"எனக்குக் காது குத்தாதே" என்று நாம் சொல்கிறோம். ஏமாற்றாதே என்று அர்த்தம். "அல்வா கொடுத்துவிட்டான்" என்கிறோம். இவற்றை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் ஆசாரியையும் மிட்டாய்க் கடையையும் தேடுவார். அகராதி வார்த்தையைக் கொடுக்கும். வாக்கியத்தைக் கொடுக்காது.

முன்னால் வரும் "வேண்டாம்"

கோவாக் குமாஸ்தா தப்பு செய்தால் கோப்பு திரும்பி வரும். எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் தப்பாகப் படித்தால்?

தமிழில் வினை கடைசியில் வரும். "வேண்டாம்" என்பதும் கடைசியில் வரும். தொடாதே. ஓட்டாதே. திறக்காதே. வாக்கியத்தின் வாலைப் பார்த்தால் போதும்; செய்யலாமா கூடாதா என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் "டூ நாட்" என்பது தலைப்பக்கம் வரும். வால் பக்கம் "ஸ்டார்ட்" இருக்கும். பழுது பார்க்கும்போது எந்திரத்தின் விசையில் "டூ நாட் ஸ்டார்ட்" என்று அட்டை தொங்கவிடுவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு, தமிழ்ப் பழக்கத்தில் கண் கடைசி வார்த்தைக்கே ஓடும். "ஸ்டார்ட்" மட்டும் கண்ணில் பட்டால்? உள்ளே இன்னொருவர் கை இருக்கிறது!

"ஆன்", "ஆப்" என்ற இரண்டும் அப்படித்தான். ஒரே எழுத்தில் தொடங்கும் குட்டி வார்த்தைகள். அர்த்தம் நேர் எதிர். இவற்றை ஊன்றிப் படிக்காமல் பெரிய பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்கிற பழக்கம் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது கூரை போட்ட பிறகு சுவர் எழுப்புகிற வேலை.

1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. சட்டத்தின் சுருக்கத்தைச் சுரங்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டினால் போதாது; வேறு பாஷையிலும் ஒட்ட வேண்டும் என்றது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் தாய்மொழியில் இருப்பதுதான் நியாயம். பாஷை படிக்க நாள் ஆகும். ஆபத்து அதுவரை காத்திருக்காது.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று கேட்பது நெடுநாள் கோரிக்கை. வேலை என்றால் விண்ணப்பம், தேர்வு, நேர்முகம் என்று வரிசையாக வரும். அங்கேயும் ஆங்கிலம் குறுக்கே நிற்கும். பெற்றவர்கள் படிக்காத வீட்டில் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

தாயே சொல்லிக் கொடுக்கலாம். ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை! பிள்ளை ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும், "யார் செய்தது? என்ன செய்தது? எப்போது?" என்று தமிழில் மூன்று கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்ல, பிள்ளை வாக்கியத்தைப் பிரித்தே ஆக வேண்டும். எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் வெளியே வந்துவிடும். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் வீண் போகாது.

ஜன்னல் யாருடையது?

போர்ச்சுகீசியர் எங்கோ கோவாவில் இருந்தவர்கள், அவர்கள் பாஷைக்கும் நமக்கும் என்ன என்று நினைக்க வேண்டாம். நெய்வேலிக்குக் கிழக்கே, அதே கடலூர் மாவட்டத்தில், கடற்கரையில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அதற்கு வெள்ளைக்காரர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ. "புதிய துறைமுகம்" என்று அர்த்தம். சுத்தமான போர்ச்சுகீசியம்!

ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஆங்கிலேயனே போர்ச்சுகீசிய பாஷை படித்தான். 1690-ல் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. 1698-ல் இந்தியாவோடு வியாபாரம் செய்ய இங்கிலாந்து அரசர் ஒரு பட்டயம் கொடுத்தார். இங்கே வரும் பாதிரிமார்கள் ஓர் ஆண்டுக்குள் போர்ச்சுகீசிய பாஷை கற்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருந்தது. கடற்கரை வியாபாரத்தில் அன்று செல்லுபடியான நாணயம் அந்த பாஷைதான்.

அந்த நாணயங்கள் இன்றும் நம் வீட்டில் கிடக்கின்றன. ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, கோப்பை, பீப்பாய், பொத்தான், துவாலை, பேனா, ஏலம், மேஸ்திரி, ஆயா, பாதிரி. எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை. குவார்ட்டர்ஸ் வீட்டில் அலமாரியைத் திறந்து சாவியை எடுத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர், பாதி வழி போர்ச்சுகீசியமும் மீதி வழி ஆங்கிலமும் பேசிக்கொண்டு போகிறார். அது அவருக்கே தெரியாது.

கொடுத்தது அவர்கள் மட்டும் அல்ல. வாங்கியும் போனார்கள். நம் "மாங்காய்" அவர்கள் வாயில் "மங்கா" ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் "மேங்கோ" ஆயிற்று. "தேக்கு" அதே வழியில் "டீக்" ஆயிற்று. வெற்றிலை "பீட்டில்" ஆயிற்று. நெய்வேலியைச் சுற்றி விளைகிற முந்திரி, போர்ச்சுகீசியர் பிரேசிலில் இருந்து கொண்டு வந்த மரம். "கேஷ்யூ" என்ற ஆங்கிலப் பெயரும் அவர்கள் சொன்ன "கஜு"வில் இருந்து வந்ததுதான்.

பலாப்பழத்தின் பயணம் இன்னும் ருசியானது. மலையாளத்தில் அதற்குச் "சக்க" என்று பெயர். போர்ச்சுகீசியர் அதை "ஜாக்கா" என்றார்கள். ஆங்கிலேயர் அதைக் கேட்டு "ஜாக்" என்று சுருக்கி, பின்னால் "புரூட்" சேர்த்தார்கள். ஜாக் என்பது ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். துரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேரளத்தில் புறப்பட்டு, போர்ச்சுகல் வழியாக இங்கிலாந்து போய், ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஏறி நெய்வேலிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்துப் பண்ருட்டியில், சீசனில் மலையாகக் குவிந்து கிடக்கும்போது, அதன் பெயர் இன்னும் பலாப்பழம்தான்.